விளிம்புப் பட்டை ஆடும் சின்னப் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக் கரையில் 18 அடி பைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். பிழைப்புக்கு இல்லை, தூண்டில் போட. விளிம்புப் பட்டையை இரண்டு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். முதல் தடவை தப்பாகச் செய்தேன், இரண்டாவது தடவை அந்தத் தப்பைச் சரிசெய்யவே பாதி நேரம் போனது. அதைப் பார்த்த பக்கத்துப் படகுக்காரர்கள் அவரவர் பட்டை ஆடும்போது என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்தும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்தும்கூட இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விளிம்புப் பட்டை என்று எதைச் சொல்கிறீர்கள்?

படகின் மேல் விளிம்பை ஒட்டி, வெளிப்புறமாகச் சுற்றி ஓடுமே, அந்தப் பட்டை. துறைச் சுவரிலோ பக்கத்துப் படகிலோ மோதும்போது அடியை முதலில் அது வாங்கிக்கொள்ளும். சிலர் ரப்பர் என்பார்கள், சிலர் பீடிங் என்பார்கள். சில படகில் கெட்டியான ரப்பரே ஸ்குரூவில் நிற்கும். சிலவற்றில் அலுமினியம் அல்லது பிவிசி தகட்டை ஸ்குரூ போட்டுப் பிடித்து, ஸ்குரூ தலை தெரியாமல் அதன் நடுப்பள்ளத்தில் மெத்தென்ற ரப்பரைச் செருகியிருப்பார்கள். பழைய படகில் வெறும் மரச்சட்டம்தான், மேலே பைபர் பூசியிருக்கும்.

ஆடுகிறது, அவ்வளவுதானே. கொஞ்சம் பெரிய ஸ்குரூவாகப் போட்டு இறுக்கினால் போதாதா?

பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் செய்கிறார்கள். நானும் செய்தேன். இரண்டு மாதம் நிற்கும், அப்புறம் முன்பைவிட மோசமாக ஆடும்.

பட்டை சும்மா தளர்வதில்லை. ஸ்குரூ பிடித்திருந்த இடம் கெட்டுப்போனதால்தான் தளர்கிறது. அந்த இடம் கெடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் உள்ளே போன தண்ணீர். பெரிய ஸ்குரூ போட்டால் துளை பெரிதாகும், உள்ளே இருக்கும் ஈரம் அப்படியேதான் இருக்கும். பைபர் தகடு மெல்லியதாக இருந்தால் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசலும் விடும், அந்த விரிசல் வழியாக இன்னும் தண்ணீர் போகும். அதனால் பட்டையை இறுக்குவதற்கு முன்னால் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஈரம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஸ்குரூ டிரைவரின் பிடியால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென வரும். ஊறிப்போன இடத்தில் 'தொப்' என்று செத்த சத்தம் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாலு தட்டில் காதுக்குப் பிடிபட்டுவிடும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீசால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆடும் இடத்தில் ஒரு ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள். போன வருடம் பக்கத்துப் படகுப் பெரியவருடையதைப் பார்த்தோம். டிரைவரே தேவைப்படவில்லை, விரலால் திருப்பினாலே வந்துவிட்டது. மரையெல்லாம் தின்றுபோய் ஆணி மாதிரி வழவழவென்று இருந்தது. எடுத்த துளையிலிருந்து டீத்தண்ணி நிறத்தில் ஒரு சொட்டு இறங்கியது, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. மழை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. "பட்டைதானேப்பா ஆடுது, உள்ள இவ்ளோ இருக்கா" என்று அவர் கேட்டார். விளிம்புக்குள் வைத்துப் பைபர் பூசியிருந்த மரத்தைக் கம்பியால் குத்தியபோது ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது.

ஸ்குரூ காய்ந்து, மரை கூர்மையாக, மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் சந்தோஷப்படுங்கள். உங்களுக்கு அரை நாள் வேலைதான்.

சுனாமிக்குப் பிறகு வாங்கிய படகு. வயசாகிவிட்டதா?

இந்தக் கரையில் கட்டுமரத்துக்குப் பதிலாகப் பைபர் படகுகள் பெருகியது 2004 சுனாமிக்குப் பிறகுதான். அந்தக் காலத்தில் வாங்கியவை இப்போது இருபது வருடத்தைத் தாண்டிவிட்டன. பைபருக்கு இது பெரிய வயசில்லை. ஆனால் விளிம்புக்குள் வைத்துப் பூசிய மரத்துக்கு வயசுதான். அது எந்த மரம், எவ்வளவு காய்ந்த நிலையில் உள்ளே வைத்தார்கள் என்பது கட்டியவருக்குத்தான் வெளிச்சம்.

புயலையும் கணக்கில் சேருங்கள். 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 'தானே' புயல் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் ஃபெஞ்சல். இப்படிப்பட்ட இரவில் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட படகுகள் விடியவிடிய உரசும். மறுநாள் படகு மூழ்காமல் இருந்தால் போதும் என்று வீட்டுக்கு வந்துவிடுவோம், பட்டையை யாரும் பார்ப்பதில்லை.

காற்று, மழை ஒன்றும் இல்லை. இருந்தும் ஏன் தளர்கிறது?

வெயில் ஒரு காரணம். பிவிசி சூட்டில் நன்றாக நீளும். ஆறு மீட்டர் பட்டை, விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடிக் குறையும். கறுப்புப் பட்டை இன்னும் அதிகமாகச் சூடாகும். தினமும் இப்படி நீண்டு சுருங்கும்போது ஸ்குரூவை அது அசைத்துக்கொண்டே இருக்கிறது.

உலோகச் சேர்க்கை இன்னொன்று. அலுமினியத் தகட்டில் ஸ்டீல் ஸ்குரூ போட்டு உப்புத்தண்ணீர் பட்டால் அலுமினியம் அரிக்கும். ஸ்குரூ தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான். ஸ்குரூ நன்றாக இருக்கும், அது நிற்கும் துளை அகலமாகிப்போயிருக்கும்.

தேவனாம்பட்டினம் மாதிரி மணலில் ஏற்றி வைக்கும் இடங்களில் டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கிறோம். கயிறு விளிம்பில் அழுந்தி ஓடினால் பட்டை பெயராமல் என்ன செய்யும்?

தண்ணீரில் கட்டியிருக்கும்போதே செய்யலாமா?

ஒன்றிரண்டு ஸ்குரூ என்றால் சரி. அதற்கு மேல் என்றால் கரையில் ஏற்றுங்கள். கீழே விழுந்த ஸ்குரூவை உப்பனாற்றுச் சேற்றில் தேடி எடுத்தவர் யாரும் இல்லை.

எந்த மாதம் நல்லது?

மாசி, பங்குனி. மழை ஓய்ந்து மரம் காய நேரம் கிடைக்கும், வெயிலும் இன்னும் கொளுத்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் பைபர் வேலைக்காரர்கள் எல்லாரும் பெரிய படகு வேலையில் இருப்பார்கள், நம் சின்னப் படகுக்கு வர மாட்டார்கள். சாமானுக்கும் தட்டுப்பாடு வரும். அதற்கு முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கவே வேண்டாம்.

கத்திரி வெயிலில்தான் செய்தாக வேண்டும் என்றால் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் ரெசின் (கலக்கி இறுகவைக்கும் பிசின்) வேலையை முடியுங்கள். பத்து மணிக்குக் கலக்கினால் டப்பாவிலேயே கல்லாகிவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஸ்குரூ, தண்ணீர் புகாமல் அடைக்கும் பாலியூரிதேன் சீலன்ட் (கடையில் பியூ சீலன்ட் என்று கேளுங்கள், சிகாஃப்ளெக்ஸ் மாதிரி), எபாக்சி ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும், கெட்டியாக்க ஏரோசில் பொடி, உப்புத்தாள், மாஸ்கிங் டேப், அசிட்டோன், கையுறை, கண்ணாடி, முகமூடி. விலை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை.

ஸ்குரூ வாங்கும் இடத்தில்தான் ஏமாறுவோம். 'எஸ்எஸ்' (துருப்பிடிக்காத ஸ்டீல்) என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்ததை நம்பி வாங்கினேன், ஒரே மழைக்காலத்தில் பட்டை நெடுகத் துருக்கண்ணீர் வடிந்தது. கடல் தண்ணீருக்கு 316 ரகம் வேண்டும். 304 நல்ல தண்ணீருக்குச் சரி, உப்பில் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்பார்கள், அதை முழுதாக நம்ப முடியாது. நல்ல 304 ஸ்குரூவே செய்முறையில் கொஞ்சம் காந்தம் பிடிக்கும். காந்தம் படாரென்று ஒட்டினால் வாங்காதீர்கள், அதற்கு மட்டும் அந்தச் சோதனை உதவும். 304-ஐயும் 316-ஐயும் அது பிரித்துக் காட்டாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

பட்டையைக் கழற்றுவது எப்படி?

நடுவில் ரப்பர் செருகியிருந்தால் அதன் முனையை நெம்பி இழுங்கள், சாவகாசமாக வரும். அடியில் ஸ்குரூ வரிசை தெரியும். கழற்றும்போது ஒவ்வொரு ஸ்குரூவையும் எடுத்த வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். எந்த இடத்து ஸ்குரூ துரு, எது நல்லது என்று படகின் வரைபடமே கையில் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில படகில் கீழ்ப்பகுதியும் மேல்தளமும் சேரும் இணைப்பே இந்தப் பட்டைக்குப் பின்னால்தான் இருக்கும், இரண்டையும் பிடித்திருப்பதும் இதே ஸ்குரூதான். சுண்ணாம்பாற்றில் ஓடும் உல்லாசப் படகு மாதிரி தளம் மூடிய படகு உங்களுடையது என்றால் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். நாலடி கழற்றி, சரிசெய்து, பூட்டி, அடுத்த நாலடி. இல்லாவிட்டால் மேல்தளம் அரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், பிறகு ஒரு துளையும் நேராக நிற்காது.

தேய்ந்த துளைகளை என்ன செய்வது?

முழு வேலையில் முக்கியமானது இதுதான், அவசரப்படாதீர்கள்.

முதலில் துளைக்குள் இருக்கும் பழைய சீலன்ட், துரு, மக்கிய மரத்தூள் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். காயவிடுங்கள். இரண்டு நாள் போதும் என்று தோன்றும், ஒரு வாரம் விடுங்கள். ராத்திரி பனி படாமல் தார்ப்பாய் போட்டு, பகலில் எடுத்துவிட வேண்டும். துளைக்குள் திரி மாதிரி முறுக்கிய பஞ்சை ராத்திரி விட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். பஞ்சு நமுத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்த பிறகு துளையை 8 அல்லது 10 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் அகலப்படுத்துங்கள். பின்பக்கம் திறந்திருந்தால் டேப் ஒட்டி அடையுங்கள். எபாக்சியைப் பொடி சேர்க்காமல் தண்ணியாகவே கலக்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் உள்சுவரில் தடவுங்கள். மரம் குடிக்கும், குடிக்கட்டும். கால் மணி கழித்து, மீதி எபாக்சியில் ஏரோசில் சேர்த்துக் கெட்டியாக்குங்கள். பதம் என்னவென்றால் தேங்காய்த் துவையல், கரண்டியைக் கவிழ்த்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைப் பழைய ஊசிக்குழலில் ஏற்றித் துளையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வாருங்கள். மேலிருந்து திணித்தால் உள்ளே காற்று நின்றுவிடும்.

மறுநாள் வரை தொடாதீர்கள். இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படிந்திருந்தால் தண்ணீர் விட்டுத் துடைத்து, உப்புத்தாள் போட்டுச் சமமாக்குங்கள். பிறகு புதிதாகத் துளை போடுங்கள். 4.8 மில்லி ஸ்குரூவுக்கு 4 மில்லி பிட். துளையின் வாயைக் கொஞ்சம் குடைந்து சரிவாக்கினால் ஸ்குரூ ஏறும்போது மேல்பூச்சு சிதறாது. அந்தச் சின்னக் குழியில் சீலன்ட்டும் மோதிரம் மாதிரி உட்காரும்.

உள்பக்கம் கை எட்டுமானால் ஸ்குரூவே வேண்டாம், போல்ட், அகல வாஷர், நட்டு போட்டுவிடுங்கள். அணியத்திலும் (படகின் முன்முனை) கயிறு உரசும் இடத்திலும் போல்ட்தான் நிற்கும் என்பது என் கட்சி.

உள்ளே மரமே மக்கிப்போயிருந்தால்?

ஒன்றிரண்டு துளையைச் சுற்றி மட்டும் என்றால் மேலே சொன்னதே போதும், குடையும் அளவு கூடும், அவ்வளவுதான். ஒரு முழத்துக்கு மேல் மக்கியிருந்தால் உள்பக்கப் பைபரைக் கீறித் திறந்து, மரத்தை எடுத்து, புது மரம் வைத்து, மேட் (கண்ணாடி இழைப் பாய்) போட்டு மூட வேண்டும். அதை முதல் தடவையே தனியாகச் செய்யாதீர்கள். பைபர் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

எபாக்சிக்குப் பதில் சாதாரணப் பைபர் ரெசின் போடலாமா? பாதி விலைதானே?

படகு கட்டியிருப்பதே அந்த பாலியெஸ்டர் ரெசினில்தான். ஆனால் இறுகிய பழைய பைபரிலும் மரத்திலும் எபாக்சி பிடிக்கும் அளவுக்கு அது பிடிக்காது. துளை நிரப்ப எபாக்சிதான். பெரிய பரப்பில் மேட் போட்டு மூட பாலியெஸ்டர் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி ஒட்டும், எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது.

பாலியெஸ்டர் ரெசினோடு இரண்டு குப்பி கொடுப்பார்கள். ஊதா நிறத்தில் இருப்பது கோபால்ட் ஆக்சலரேட்டர், தண்ணீர் மாதிரி இருப்பது கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ஆக்சலரேட்டரை ரெசினில் விட்டு முழுதாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் அளவு நூறு கிராம் ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம், நம் ஊர்ச் சூட்டுக்கு ஒன்றே தாராளம். கேட்டலிஸ்ட் கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வையைக் கெடுக்கும். தெறித்துவிட்டால் உடனே தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கண்ணைக் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணாடி போட்டால் வியர்க்கிறது என்று கழற்றி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

சிலிக்கான் போட்டால் என்ன? எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே?

என் முதல் தப்பு இதுதான். ஐப்பசிக்கு முன்னால் பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கான் ஒரு குழாய் வாங்கிப் பட்டை நெடுகப் பிதுக்கினேன். தை பிறக்கும்போது முழு நீளமும் நாடா மாதிரி உரிந்து வந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சிலிக்கான் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பசை நின்றுவிடுகிறது. அதன் மேல் பெயிண்ட் நிற்காது, ரெசின் நிற்காது, வேறு சீலன்ட்டும் நிற்காது. அசிட்டோன் போட்டு எவ்வளவு துடைத்தும் போகவில்லை. கடைசியில் மேல்பூச்சையே தேய்த்து எடுத்தேன்.

பியூ சீலன்ட் போடுங்கள். அதிலும் நிரந்தரமாக ஒட்டும் ரகம் வேண்டாம். அடுத்த தடவை பட்டையைக் கழற்றும்போது பைபரும் சேர்ந்து பிய்ந்து வரும்.

திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது?

ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சீலன்ட் வளையம், ஸ்குரூ மரையிலும் ஒரு தொடு. பட்டையின் மேல் விளிம்பு நெடுக ஒரு கோடு. கீழ் விளிம்பை அடைக்காதீர்கள். இரண்டு பக்கமும் அடைத்தால்தானே பாதுகாப்பு என்று எல்லாரும் கேட்பார்கள். எவ்வளவு அடைத்தாலும் ஒரு நாள் ஒரு சொட்டு உள்ளே போகும், அது வெளியே வர வழி வேண்டாமா?

பட்டையை அணியத்திலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கம் போங்கள். வளைவில் மல்லுக்கட்டினால் கொதித்த தண்ணீரில் நனைத்த கோணியைப் பட்டை மேல் பத்து நிமிடம் போட்டால் இளகிக் கொடுக்கும். ஆள் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வளைத்துப் பிடிக்க, இன்னொருவர் ஸ்குரூ போட. ஸ்குரூவுக்கு ஸ்குரூ 15 சென்டிமீட்டர் இடைவெளி, வளைவில் 10. சீலன்ட் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். டிரில் மெஷினில் முழு வேகத்தில் ஏற்றினால் இவ்வளவு நேரம் நிரப்பிய எபாக்சியை நீங்களே அறுத்துவிடுவீர்கள். கடைசிச் சுற்றைக் கையால் போடுங்கள்.

பிவிசி பட்டையில் இருக்கும் துளை ஸ்குரூவைவிட ஒரு மில்லி பெரிதாக இருக்கட்டும், வெயிலில் நீள இடம் வேண்டும்.

நடு ரப்பர் சுருங்கி முனையில் இரண்டு விரல் இடைவெளி. என்ன செய்ய?

பழைய ரப்பர் சுருங்கினால் சுருங்கியதுதான். இழுத்துச் செருகினால் அடுத்த வெயிலில் திரும்பப் பின்வாங்கும். புதிது வாங்கி, வெயிலில் ஒரு நாள் நீட்டிப் போட்டுவிட்டு, வெட்டும்போது ஒரு சாண் கூடுதலாக விட்டு, ஒரு வாரம் கழித்து மீதியை நறுக்குங்கள்.

பட்டையே வேண்டாம், பழைய டயர் கட்டினால் போதாதா?

துறைச் சுவருக்கு டயர் நல்லது. நம் பக்கம் கடல் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், டயர் சரியான உயரத்தில் நிற்கும். ஆனால் வலை இழுக்கும்போது டயர் இடைஞ்சல், பக்கத்துப் படகு மேல் கறுப்பாகக் கோடு போடும். ஊரார் திட்டையும் கேட்க வேண்டும். இரண்டும் இருக்கட்டும்.

கடலில் போகும்போது பட்டை பிய்ந்து தொங்கினால்?

உடனே வேகத்தைக் குறைத்து இன்ஜினை நிறுத்துங்கள். தொங்கும் முனை பின்பக்கம் போய் விசிறியில் சுற்றிக்கொண்டால் பட்டையோடு கரை திரும்பும் வழியும் போச்சு. கயிறு போட்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். கட்ட முடியாவிட்டால் கத்தியால் அறுத்துப் படகுக்குள் போடுங்கள், கடலில் விடாதீர்கள். துளைகளில் கிழிந்த துணியைத் திருகி அடைத்தால் கரை வரும் வரை தாங்கும்.

தேய்க்கும் தூசி உடம்பெல்லாம் அரிக்கிறது. வழி உண்டா?

முழுக்கைச் சட்டை, முகமூடி, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது. முடிந்ததும் சொறியாமல் முதலில் பச்சைத்தண்ணீரில் குளியுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போட்டால் அரிப்பு மொத்தக் குடும்பத்துக்கும் வரும், அதற்குப் பிறகு வீட்டில் சோறு கிடைப்பது உங்கள் சாமர்த்தியம்.

வேலை முடிந்து எப்போது தண்ணீரில் இறக்கலாம்?

பியூ சீலன்ட் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கித்தான் இறுகும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ மூன்று மில்லி ஆழம். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. மூன்று நாள் விடுங்கள், ஒரு வாரம் விட்டால் உத்தமம். இறக்குவதற்கு முதல் நாள் படகுக்குள் ஒருவர் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் பட்டை மேல் தண்ணீர் அடியுங்கள். பின்பக்கத்தில் ஆரம்பித்து அடிக்கு ஒரு நிமிடம் நிறுத்தி நிறுத்தி முன்னே வர வேண்டும். பெரியவர் படகில் அப்படிச் செய்தபோது அவருடைய பேரன் டார்ச் லைட்டோடு உள்ளே குனிந்திருந்தான். அணியத்துக்கு இரண்டடி முன்னால் வரும்போது "தாத்தா, இங்க ஒண்ணு" என்றான். நாங்கள் சீலன்ட் வைக்க மறந்த ஒரே ஸ்குரூ அது.